முயல் வளர்ப்போர் தேசீயச் சங்கமும் மயிலாடும்பாறைக் குடியானவரும்

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கடமலைக்குண்டு - மயிலாடும்பாறை ஒன்றியம் வருஷநாட்டு மலைகளின் அடிவாரத்தில், மூல வைகையின் இரு கரைகளையும் சார்ந்து அமைந்துள்ளது. இலவம், தென்னை, மொச்சை, சோளம், பருத்தி முதலியனவும், ஆடு மாடுகளுமே இப்பகுதிக் குடிகளின் ஜீவனத்துக்கு ஆதாரம். மழைக்காலத்தில் ஆற்றில் நீர் ஓடும். மற்ற மாதங்களில் மணலே காட்சியளிக்கும். இத்தகைய பிரதேசத்தில், சொற்ப இடத்திலும் சொற்பத் தீவனத்திலும் பெருகக்கூடிய பிராணி என்பதனால், கூண்டு முயல் வளர்ப்பில் சிலருக்கு விருப்பம் உண்டாவது இயல்பே.

அவ்வாறு தொடங்குகிறவர் குட்டியும் கூண்டும் வாங்கி முடித்தவுடன் வேறொரு கேள்வியைச் சந்திக்கிறார். தேசீய அளவில் அமைந்த முயல் வளர்ப்போர் சங்கம் ஒன்றில் சந்தா செலுத்தி அங்கத்தினராவது பிரயோஜனமா என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூறுவதற்கில்லை. சங்கம் எதற்காக ஏற்பட்டது, அதில் சேரும் குடியானவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்னும் இரண்டையும் பொறுத்தே விடை அமையும்.

முதலில் இத்தகைய சங்கங்கள் பிற தேசங்களில் தோன்றிய விதத்தைக் கவனிப்பது நலம். அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டையொட்டிப் பெல்ஜியன் ஹேர் என்னும் சாதி முயலின்மீது ஒரு பெரிய மோகம் கிளம்பிற்று. பெயர் அவ்வாறிருப்பினும் அது காட்டு முயலன்று. வீட்டு முயலின் ஒரு வகையே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வீட்டுக்கு வீடு அதற்குக் கூண்டு வைத்தார்கள்; பொலி முயல் ஒன்றுக்கு நம்பத்தகாத விலைகள் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் குட்டியை அடுத்தவருக்கு இனவிருத்திக்கென்று விற்றார்களேயன்றி, அதைச் சமைத்து உண்போர் போதிய அளவில் இல்லை. புதிதாக வாங்குவோர் குறைந்த மாத்திரத்தில் விலை விழுந்தது. மோகமும் சில ஆண்டுகளில் அடங்கிற்று. அதன்பின் 1910-இல் தேசீய வளர்ப்புப் பிராணிச் சங்கம் என்ற பெயருடன் ஆரம்பமான ஸ்தாபனமே, பிற்காலத்தில் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் என்ற பெயரைப் பெற்று இன்றளவும் நடந்து வருகிறது.

அச்சங்கத்தின் வேலை இன்னதென்று விவரமாகத் தெரிந்துகொள்ளாமல் அதன் பயனை மதிப்பிட முடியாது. ஒவ்வொரு சாதி முயலுக்கும் உடலமைப்பு, எடை, ரோமம், நிறம் ஆகியவை எப்படியிருத்தல் வேண்டும் என்று வரையறுத்த ஒரு லக்ஷணப் புத்தகத்தை அது வெளியிடுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறது. அப்புத்தகப்படி பார்வையிட்டு மதிப்பெண் அளிக்கும் நடுவர்களுக்குப் பரீட்சை நடத்தி உத்தரவுச் சீட்டு வழங்குகிறது. முயல்களைப் பதிவு செய்வது அதன் மற்றொரு கடமை. பதிவுக்கு வரும் முயலுக்குக் குறைந்தது ஆறு மாதம் வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று தலைமுறை வம்சாவளி எழுத்தில் இருக்க வேண்டும். இடது காதில் அழியாத பச்சைக் குறியாக அடையாள எண் குத்தப்பட்டிருக்க வேண்டும். பதிவாளர் நேரில் சோதித்து, குற்றமற்றதென்று கண்டால் வலது காதில் தமது குறியைக் குத்திப் பத்திரம் அளிப்பார். இவை போக, அங்கத்தினர்களுக்கு ஒரு பத்திரிகையும், ஆண்டுக்கொருமுறை ஒரு பெரிய கண்காட்சியும் உண்டு.

இவ்வேற்பாடுகள் யாவும் நல்லவையே. ஆனால் இவற்றின் பயனை அடைபவர் யார்? இனவிருத்திக்கென்று முயல் விற்பவரும், கண்காட்சியில் பரிசு பெற்று அதனால் தமது குட்டிகளுக்கு விலை ஏற்றுபவரும், பொழுதுபோக்காக வளர்ப்பவருமே. இறைச்சிக்கு முயல் விற்பவருக்கு வம்சாவளிப் பத்திரத்தினால் ஒரு ராத்தல் கறி கூடுதலாகப் போவதில்லை. கசாப்புக் கடைக்காரர் முயலின் பாட்டனார் பெயரைக் கேட்பதில்லை. எடையையும் கொழுப்பையும்தான் பார்க்கிறார்.

பதிவேடு என்பது இத்தேசத்துக்குப் புதிதும் அன்று. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 1941-இல் மத்திய மந்தைப் பதிவேட்டைத் தொடங்கியது. சாஹிவால், சிந்தி, ஹரியானா, ஓங்கோல் முதலிய உயர்ந்த மாட்டினங்களோடு கொங்கு நாட்டுக் காங்கேயமும் அதில் இடம் பெற்றது. அதற்குக் காரணம் தெளிவானது. காங்கேயம் காளையின் உழைப்பை நம்பிப் பல ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வாங்க வந்தார்கள். பொலிகாளையின் மெய்யான மரபைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியம் இருந்தது. வாங்குகிறவர் மரபைக் கேட்கும் இடத்தில் மரபேட்டுக்கு விலை உண்டு. மயிலாடும்பாறைச் சுற்றுவட்டத்தில் முயல் வாங்குகிறவர் மரபைக் கேட்கிறாரா, எடையைக் கேட்கிறாரா என்பதைக் குடியானவர் தாமே நிதானிக்கலாம்.

சங்கத்தில் சேர்ந்தே தீரவேண்டும் என்ற நிலையும் ஒரு தேசத்தில் ஒரு காலத்தில் இருந்தது. இங்கிலாந்தில் முயல் வளர்ப்போரின் அமைப்புகள் ஒன்றுகூடி 1934-இல் பிரிட்டிஷ் முயல் கவுன்சில் ஏற்பட்டது. அதன்பின் 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் இறைச்சிக்கும் தீவனத்துக்கும் பங்கீடு வந்தபோது, வீட்டுப் புழக்கடையில் முயல் வளர்ப்பதை அரசாங்கமே ஊக்கியது. தவிட்டுப் பங்கீடு பதிவு பெற்ற முயல் சங்கங்களின் மூலமாகவே கிடைத்தது. அதற்கு ஈடாக வளர்த்ததில் ஒரு பங்கை விற்பனைக்கு விடவேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. அக்காலத்தில் சந்தா கட்டியவருக்குக் கைமேல் தவிடு கிடைத்தது. சங்கத்தின் பெருமையைக் காட்டிலும் அந்த மூட்டைத் தவிடே அங்கத்தினரைச் சேர்த்தது என்பதில் ஐயமில்லை. எந்தச் சங்கத்தையும் மதிப்பிட இது நல்ல அளவுகோல்: சந்தாவுக்கு ஈடாகக் கூண்டண்டை வந்து சேரும் பொருள் எது?

தேசீயச் சங்கம் வேண்டும் என்பதற்குச் சொல்லத்தக்க காரணங்களுள் மிகவும் பலமானது சட்ட சம்பந்தமானது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-இல் ஏற்பட்ட விதிகளில், இறைச்சிக்குரிய விலங்கு என்னும் சொல்லின் பொருளில் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழியினம், மீன் என்பவை இடம்பெற்றன. முயலின் பெயர் விடுபட்டுப் போயிற்று. ஒரு சொல் விடுபட்டதன் விளைவு சிறிதாக இல்லை. முயலை இறைச்சிக்காக வெட்டுவது விதிக்கு உட்பட்டதன்று என்னும் நிலை 2014-ஐ ஒட்டி ஏற்பட்டு, வளர்ப்போர் கலங்கினர். கடன் வாங்கிக் கூண்டு கட்டியவருக்குச் சரக்கு கையில் இருந்தும் விற்க வழியில்லாமற் போயிற்று. கேரளத்தில் இது குறித்துப் பெருங்குரல் எழுந்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டு, வீட்டு முயல் என்பது அதன் சாஸ்திரீயப் பெயருடனேயே விலங்குகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டில்லியில் எழுதப்படும் ஒரு விதியைத் திருத்தும்படி கேட்பது வருஷநாட்டில் பத்துக் கூண்டு வைத்திருப்பவரால் ஆகக்கூடிய காரியமன்று. பல மாகாணங்களைச் சேர்ந்தவர் ஒன்றுகூடிக் கேட்டாலே செவிசாயும். ஆகையால் அப்படிப்பட்ட பொதுக் காரியங்களைச் செய்யும் ஸ்தாபனம் இருப்பின், அதற்குச் சிறு தொகை அளிப்பது வீணன்று. அது வெறும் பதக்கங்களும் பத்திரங்களும் மட்டும் வழங்குமாயின் வேறு பேச்சு.

கல்வியைப் பொறுத்தமட்டில், சந்தா கட்டினால்தான் கிடைக்கும் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. உலக முயல் விஞ்ஞானச் சங்கம் 1976-இல் ஏற்பட்டது. அதன் ஆராய்ச்சிப் பத்திரிகை ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாகிறது. எவரும் விலையின்றி வாசிக்கலாம். ஆனால் அதிலுள்ள பெரும்பாலான ஆராய்ச்சிகள் பிற தேசங்களில் நடந்தவை. தமிழ்நாட்டுக்குத் தக்க யோசனைகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், காமாட்சிபுரத்து வேளாண் அறிவியல் மையமும், 2020-இல் தேனி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும் கேட்பவர்க்குச் சொல்லக்கூடியவை. இவற்றை அணுகச் சங்கச் சீட்டு தேவையில்லை.

இனி, மயிலாடும்பாறைக் குடியானவருக்கு உண்மையில் எவை தேவை என்பதைப் பார்க்கவேண்டும்.

முதலாவது நல்ல வித்து முயல். இதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ராஜஸ்தானத்து அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்பிராந்திய நிலையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் இருந்து வருகிறது. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பூம்பாறையைக் கடந்து அங்குச் செல்லலாம். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இறைச்சி முயல்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. நன்கு வளர்ந்த முயல் 4 கிலோ அளவு நிற்கும். தேசீயச் சங்கம் என்ற பெயரைக் காட்டி எங்கிருந்தோ கூண்டு வண்டியில் வரும் முயலைக் காட்டிலும், அரசாங்க நிலையத்தில் நேரில் பார்த்து வாங்கிய முயல் சிலாக்கியமானது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மன்னவனூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2000 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த இடம். மயிலாடும்பாறையோ மலையடிவாரத்தில் வெயில் காயும் பள்ளத்தாக்கு. முயலுக்கு உகந்த உஷ்ணம் 15 முதல் 25 டிகிரி வரை. 30 டிகிரியைத் தாண்டினால் அது தீவனத்தைக் குறைக்கும். ஆண் முயலின் விந்து வலுக் குன்றும். கடும் வெயிலில் சினை முயல்கள் மாண்டும் போகும். முயலுக்கு வியர்வை சுரப்பது மிகக் குறைவு. காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது உஷ்ணத்தைப் போக்குகிறது. ஆகவே மலையிலிருந்து முயலைப் பங்குனி, சித்திரையில் இறக்குவது பணத்தை வெயிலில் கொட்டுவதற்குச் சமானம். கார்த்திகை, மார்கழியில் மூன்று மாத வயதுள்ள இளங்குட்டிகளாக வாங்கினால், கோடை வருமுன் அவை பள்ளத்தாக்குச் சீதோஷ்ணத்துக்குப் பழகிவிடும். அடுத்த மழைக்காலத்தில் முழு வேகத்துடன் ஈனும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முன்னங்கால்களின் உட்புற ரோமம் ஈரமாய்ச் சடைபிடித்திருப்பின் அம்முயலைத் தொடவே கூடாது. சளி நோய் கண்ட முயல் மூக்கைக் கால்களால் துடைத்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்த ஒரு முயல் பண்ணை முழுவதையும் கெடுக்கும். காதின் உட்புறத்தில் செதில் கட்டியிருப்பது சொறி. பற்கள் ஒன்றுடன் ஒன்று பொருந்தாமல் வெளியே வளைந்திருப்பது பரம்பரைக் குற்றம். பின்னங்கால் அடியில் புண் இருத்தலும் ஆகாது. எவ்வளவு அழகிய வம்சாவளிப் பத்திரம் கூட வந்தாலும் இந்தச் சோதனையைக் கைவிடலாகாது. புதிதாக வந்தவற்றை இரண்டு வாரம் தனியே வைத்துப் பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது தேவை நிழல். இவ்விஷயத்தில் இப்பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. தென்னந்தோப்பினுள் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகை போட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, பக்கங்களைத் திறந்து விட்டால் காற்றோட்டம் தாராளமாயிருக்கும். கோடையில் நடுப்பகல் வேளைகளில் நனைத்த சாக்குகளைப் பக்கங்களில் தொங்கவிடலாம். குடிக்கும் நீர் எந்நேரமும் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். பானை நீர் போதுமானது. தகரக் கூரை போட்டுவிட்டுப் பின்னர் முயல் சாகிறதென்று வருந்துவோர் பலர். தீவனத்தைக் காலையிலும் அந்தி சாய்ந்தும் கொடுப்பது உத்தமம். முயல் இயல்பாக இரவில் மேயும் பிராணி. எலி, பெருச்சாளி, கீரி, நாய், பாம்பு ஆகியவற்றிலிருந்து குட்டிகளைக் காக்கக் கம்பி வலையும் தரையிலிருந்து உயர்ந்த கூண்டும் அவசியம். தரையில் விட்டு வளர்த்தால் குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் ஈற்று முழுவதும் போய்விடக்கூடும்.

தீவனத்துக்கு இங்கே குறைவில்லை. அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, வேலிமசால், குதிரைமசால் ஆகிய தழைகளைச் சிறிது வாடவிட்டுக் கொடுக்கலாம். பனி ஈரத்துடன் கொடுத்தால் வயிறு உப்பும். சூபாபுல் தழை அதிகமானால் ரோமம் உதிரும். மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு கலந்த அடர்தீவனம் பெரிய முயலுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் வரை தேவைப்படும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாடு ஒருவாறு தாங்கினாலும் முயல் தாங்காது.

இக்காரியங்களுக்குப் பிறகு வரும் வரும்படியைக் கணக்கிட்டால்தான் சங்கச் சந்தாவின் பளு விளங்கும். பத்துப் பெண் முயலும் இரண்டு ஆண் முயலும் உள்ள ஒரு சிறு பண்ணையை எடுத்துக்கொள்வோர், முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். ஓர் ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டி. ஆகவே ஆண்டுக்கு ஏழெட்டு ஈற்று என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, நானூறு ஐந்நூறு குட்டிகள் என்று மனக்கோட்டை கட்டுவது வழக்கம். இப்பள்ளத்தாக்கில் அது நடவாது. பங்குனி முதல் ஆனி வரை இனச்சேர்க்கை பெரும்பாலும் பலிப்பதில்லை. கோடையில் கெட்ட ஆண் முயலின் வலு மீள ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். எஞ்சிய மாதங்களில் பெண் முயலின் உடல் தளராமல் நான்கு ஈற்று எடுப்பதே நியாயமான எதிர்பார்ப்பு. ஈற்றுக்கு ஐந்து குட்டி தப்பிப் பால் மறந்தால், பத்துப் பெண் முயலுக்கு ஆண்டொன்றில் 200 குட்டி. மூன்று மாத வயதில் தலைக்கு 2 கிலோ நின்றால் 400 கிலோ உயிர் எடை. அதில் சுமார் பாதியே கறியாகத் தேறும். இந்த வரும்படியிலிருந்து தீவனமும் மருந்தும் கழிந்து மிஞ்சுவதில்தான் சந்தாவும், மாநாட்டுக்குப் போகும் ரயில் செலவும், கண்காட்சிக் கட்டணமும் அடங்க வேண்டும். வெகுதூரக் கண்காட்சிக்கு முயலை எடுத்துச் செல்வதில் வழிப்பயண உஷ்ணத்தாலும் பிற பண்ணை முயல்களின் தொற்றாலும் நேரும் நஷ்டம் வேறு.

மூன்றாவதும் மிகக் கடினமானதுமான தேவை விற்பனை. மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு கடைகளில் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் போல முயற்கறி நாள்தோறும் கேட்கப்படுவதன்று. தேனி, ஆண்டிபட்டி, பெரியகுளம் ஊர்களிலும், கொடைக்கானல் போன்ற உல்லாச யாத்திரை ஸ்தலங்களிலுமுள்ள உணவு விடுதிகள் வாங்கக்கூடும்; ஆனால் விடுதிக்காரர் வாரந்தோறும் தவறாமல் இத்தனை கிலோ வேண்டுமென்பார். ஒரு வாரம் பதினைந்து முயல், மறுவாரம் ஒன்றுமில்லை என்னும் தனிக் குடியானவரிடம் அவர் ஒப்பந்தம் செய்ய மாட்டார். இக்குறையை நீக்குவது தேசீயச் சங்கமன்று. அண்டைக் கிராமங்களைச் சேர்ந்த பத்துப் பதினைந்து குடும்பங்களின் கூட்டே. இனச்சேர்க்கையை வாரம் ஒரு பண்ணை என்று முறை வைத்துக்கொண்டால் வாரந்தோறும் விற்பனைக்குச் சரக்கு தயாராகும். இரத்தக் கலப்பு நெருங்காதபடி ஆண் முயல்களை ஆண்டுக்கொருமுறை தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். இதற்காக ஒவ்வொரு முயலுக்கும் காதுக்குறியும், ஈற்றுக் குறிப்பேடும் இருக்கவேண்டும். அமெரிக்கச் சங்கத்தின் பதிவு முறையிலிருந்து இப்பகுதியார் எடுத்துக்கொள்ளத்தக்கது இதுவே. நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் குறி குத்தும் ஊசியும் இதற்குப் போதும். தீவனத்தை மொத்தமாக வாங்குவதிலும், மன்னவனூருக்கு ஒருவர் சென்று எல்லோருக்கும் முயல் கொண்டுவருவதிலும் செலவு குறையும்.

இத்தகைய கூட்டுக்குச் சட்ட வடிவம் கொடுக்க விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் சங்கமாகப் பதியலாம்; இது கூடிப்பேசவும் பயிற்சி நடத்தவும் தக்கது. வியாபாரமே நோக்கமாயின், உற்பத்தியாளர் கம்பெனி அமைப்பது பொருத்தம்; குறைந்தது 10 உற்பத்தியாளர் சேர்ந்து அதை ஏற்படுத்தலாம். இவ்வமைப்புக்கு 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. ஆனால் கணக்குத் தணிக்கையும் வருஷாந்தர அறிக்கைகளும் தவறாமல் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், ஐந்நூறு முயல் தேறாத கூட்டம் அவசரப்பட்டுக் கம்பெனி ஆரம்பிப்பது சுமையாகவே முடியும். முதல் இரண்டு ஆண்டுகள் வாய்மொழி ஒப்பந்தமும் ஒரு பொதுக் கணக்குப் புத்தகமும் போதும்.

இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளவும் சங்க அங்கத்தினம் வேண்டுமென்று எண்ணுவோர் உண்டு. அரசாங்கத்தின் தேசீயக் கால்நடை இயக்கத்தின் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் 10 முயல் ஒரு மாட்டலகாகக் கணக்கிடப்படுகிறது. கால்நடை இலாகாவின் மூலமாக நடைபெறும் காரியம் இது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் ஊராட்சி மன்றத்தாரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘அகில இந்திய’, ‘தேசீய’ என்ற அடைமொழிகள் பெயரில் இருப்பதனால் ஒரு சங்கத்துக்கு அரசாங்க அதிகாரமோ ஆதரவோ ஏற்பட்டுவிடாது. பதிவு எண் என்பதும் அப்பெயருடைய அமைப்பு ஒன்று இருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அதன் வாக்குறுதிகளுக்கு அரசாங்கம் ஜாமீன் அன்று. சங்கத்தில் சேருவோருக்குக் குட்டி முயலும் கூண்டும் தருகிறோம், பிறக்கும் குட்டிகளை இன்ன விலைக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுகிறோம், அதற்கு இவ்வளவு முன்பணம் கட்டுக என்று எவரேனும் கிராமத்துக்கு வந்தால், அது சங்கமன்று, முதலீடு திரட்டும் வியாபாரம். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமுக் கோழியை முன்னிட்டு இதே விதமாகப் பணம் திரட்டிய நிறுவனங்கள் 2012-இல் நிலைகுலைந்தன. ஆயிரக்கணக்கானோர் பணம் இழந்தார்கள். அங்கும் பறவையின் இறைச்சியை உண்பவர் அதிகமில்லை. புதிதாகச் சேருபவரின் பணமே பழையவருக்கு மாதப்படியாகப் போய்க்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பின் பெருந்துறையில் நடந்தது என்றே சொல்லலாம். இவ்வகை மோசங்களைக் குறித்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997 இயற்றப்பட்டிருக்கிறது. ஈமு வழக்குகளும் அதன்கீழ் நடந்தன. போன பணம் திரும்புவதற்குக் கோர்ட்டில் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அவ்வழக்குகளில் சம்பந்தப்பட்டோருக்குத் தெரியும். ஆகையால் முன்பணம் கைமாறுவதற்கு முன்பே கிராம உத்தியோகஸ்தர் விசாரித்துத் தாசில்தாருக்கும் போலீஸ் இலாகாவின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கும் தெரிவிப்பது உசிதம்.

மற்றொன்று காட்டு முயலைப் பற்றியது. மேகமலை, வருஷநாட்டுக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்குகின்றன. காட்டு முயலைப் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது வீட்டு முயலுடன் கூடிக் குட்டி போடும் என்பதும் பொய். இரண்டும் வெவ்வேறு இனம். கூண்டு வைத்திருப்பவர் தமது முயல்கள் எங்கே வாங்கப்பட்டவை என்பதற்கு ரசீது வைத்திருந்தால், வன இலாகாவினர் விசாரித்தால் காட்டலாம். இவ்விஷயத்தில் சங்கத்தின் சீட்டைக் காட்டிலும் மன்னவனூர் நிலையத்தின் ரசீதுக்கே மதிப்பு.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கையில், இறைச்சிக்கென்று பத்துப் பதினைந்து முயல் வைத்திருக்கும் குடியானவர் ஒவ்வொருவரும் தனித்தனியே தேசீயச் சங்கத்தில் சந்தா கட்டுவதில் பிரயோஜனம் சொற்பம். ஐம்பதுக்கு மேற்பட்ட தாய் முயல்களை வைத்து, பிற மாவட்டத்தாருக்கு வித்து முயல் விற்பவர் நிலை வேறு; அவருக்குப் பெயரும் பதிவும் பத்திரிகை விளம்பரமும் வியாபாரத்துக்கு உதவும்; சந்தாவை விற்பனைச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். இடைப்பட்டவர்களுக்கு உகந்த வழி, ஊர்க் கூட்டத்தின் சார்பாக ஒருவர் மாத்திரம் அங்கத்தினராகி, வரும் பத்திரிகையையும் சட்ட சம்பந்தமான செய்திகளையும் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வது. சந்தாவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் எவருக்கும் பளுவில்லை.

அவ்வாறு சேர்வதற்கு முன் அச்சங்கத்துக்குக் கடிதம் எழுதிச் சில விவரங்களைக் கேட்பது அவசியம். சென்ற ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட வரவுசெலவுக் கணக்கை அனுப்புவார்களா? நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது அங்கத்தினரா, அல்லது ஒரே குடும்பத்தாரே பதவியில் இருந்து வருகிறார்களா? நிர்வாகிகள் தாமே முயல் விற்பவர்களாயின், அங்கத்தினர் அவர்களிடமே வாங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டா? தமிழ்நாட்டில் அங்கத்தினர் எவரெவர், அவர்களில் இருவருடைய பண்ணைகளை நேரில் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் போதுமானது. பண்ணையைப் பார்க்கப் போகிறவர் கண்ணாடிச் சட்டமிட்ட பத்திரங்களைப் பாராமல், கூண்டுகளின் அடியில் குவிந்த எருவையும், ஈற்றுக் குறிப்பேட்டையும், சென்ற சித்திரையில் எத்தனை முயல் செத்தன என்பதையும் விசாரித்துக்கொண்டு வரவேண்டும். கூண்டடி எரு தென்னைக்கும் காய்கறிக்கும் சிறந்த உரம். அதைச் சேமிக்காமல் விட்டிருக்கும் பண்ணையாரிடம் மற்றக் கணக்குகளும் சரியாயிருப்பது அரிது.